ஆமாம் என்றால் எஸ் ஆகுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கேள்வி: தமிழுக்கு ஒரே ஒரு "இல்லையா" போதுமாயிருக்க, ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் இத்தனை வால்கள்?

பதில்: ஒரு செய்தியைச் சொல்லி முடித்தபின், கேட்பவர் அதை ஏற்கிறாரா என்றறிய அதன் கடைசியில் சேர்க்கப்படும் சிறு கேள்வியை ஒட்டுவினா எனலாம். தமிழின் "இல்லையா", "தானே" ஆகியவையும், கேரளத்தின் சித்தூர் வட்டத்தில் தமிழோடு தோளுரசி வாழும் மலையாளத்தின் "அல்லே"யும் எந்த வாக்கியத்தோடும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆங்கில வாலோ முன்னே நிற்கும் துணைவினையைப் பார்த்து உருமாறுவதோடு, வாக்கியம் உடன்பாடானால் எதிர்மறையாகவும், எதிர்மறையானால் உடன்பாடாகவும் திரும்பிக்கொள்ளும். "யூ ஆர் ஃப்ரம் சித்தூர்" என்பதற்கு வால் "ஆரன்ட் யூ". "ஷீ டஸின்ட் ஈட் ஃபிஷ்" என்பதற்கு "டஸ் ஷீ". "நெவர்", "நோபடி", "ஹார்ட்லி" போன்ற சொற்கள் எதிர்மறையை உள்ளே ஒளித்து வைத்திருப்பவை என்பதால் அவற்றுக்கும் உடன்பாட்டு வாலே பொருந்தும். எல்லாவற்றுக்கும் "இஸின்ட் இட்" போடுவது நம் மொழிப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் குடியேறியதன் விளைவாகும். பேச்சில் அது யாரையும் உறுத்துவதில்லை, தேர்வுத்தாளில் மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

வண்டன்மேட்டிலிருந்து: "திஸ் லாட் இஸின்ட் ட்ரை, இஸ் இட்?" என்று வடநாட்டு வியாபாரி கேட்க, ஏலக்காய் இன்னும் காயவில்லை என்பதால் ஒருவர் "எஸ்" என்றால் அது சரியா?

பதில்: தவறு, அந்த ஒரு சொல்லில், உலர்த்தும் ஸ்டோரில் இன்னும் ஈரம் போகாத காய் முழுவதும் உலர்ந்த காயாகிவிடுகிறது. தமிழ் "ஆமாம்" கேட்டவருடைய சொல்லுக்கு உடன்படுவது. ஆங்கில "எஸ்" நடப்பு உடன்பாடாக இருக்கிறது என்பதைச் சொல்வது. இரண்டும் ஒன்றென்ற எண்ணத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. இத்தனைக்கும் தமிழர் எப்போதும் தடுமாறுவதில்லை. "காய் உலரலையா?" என்று கேட்டால் "இல்லை, உலரலை" என்ற விடை இயல்பாகவே வரும், அது ஆங்கில "நோ"வோடு ஒத்தும் போகும். "காய் உலரலை, அப்படித்தானே?" என்று கேட்கும்போதுதான் "ஆமாம், உலரலை" என்று விடை திரும்புகிறது, பக்கத்துத் தோட்டத்து மலையாளியும் "அதே" என்று அதே பக்கம் சாய்வார். ஆகவே எல்லைப்பகுதிப் பிள்ளைக்கு இரண்டு தாய்மொழிகளும் சேர்ந்து இழுக்கும் இடமாக ஒட்டுவினா அமைந்துவிடுகிறது.

இதற்கு மருந்தும் தமிழிலேயே உண்டு. "வருவாயா?" என்றால் "வருவேன்", "சோறு உண்டா?" என்றால் "உண்டு" என்று வினைச்சொல்லையே திருப்பிச் சொல்லும் வழக்கம் நம்முடையது, ஆங்கிலத்தின் குறுவிடையும் அதுவே. வாலை மனத்துக்குள் வெட்டி எறிந்துவிட்டு, காய் உலர்ந்ததா என்று மட்டும் பார்த்து, உலரவில்லையென்றால் "இட் இஸின்ட்" என்ற வினையை முதலில் பிடித்துக்கொண்டால், அதற்கு முன் வரவேண்டியது "நோ" என்பது தானே விளங்கும். உலர்ந்திருந்தால் "எஸ், இட் இஸ்". வால் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் விடை மாறாது.

குமுளியிலிருந்து: ஆங்கிலேயருக்கு இதில் குழப்பமே வந்ததில்லையா?

பதில்: வந்தது. முன்பு ஆங்கிலத்தில் விடைச்சொற்கள் நான்கு இருந்தன. உடன்பாட்டுக் கேள்விக்கு "யே", "நே". எதிர்மறைக் கேள்விக்கு "எஸ்", "நோ". எதிர்மறையாகக் கேட்டவரை மறுத்து, "அப்படியில்லை, உண்டு" என்று சொல்வதே "எஸ்" என்பதன் அன்றைய தனி வேலையாக இருந்தது என்பதை நினைவில் வைத்தால், வண்டன்மேட்டு வியாபாரி ஏன் அப்படிப் புரிந்துகொள்வார் என்பது தெளிவாகும். வில்லியம் டிண்டேலின் விவிலிய மொழிபெயர்ப்பில் "நே" வரவேண்டிய இடத்தில் "நோ" வந்ததென்று தாமஸ் மோர் 1532இல் கண்டித்தார். கண்டிக்கும் அவசரத்தில் அவரே விதியை மாற்றி எழுதிவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் மறுத்துச் சொல்ல "சீ" என்ற தனிச்சொல்லை இன்றும் காக்கிறார்கள். ஜப்பானியரின் "ஹாய்" நம் "ஆமாம்" போலவே ஆளுக்கு உடன்படுகிறது.

மறையூரிலிருந்து: பெரியவரிடம் "நோ" என்பது மரியாதைக் குறைவாகாதா?

பதில்: இந்தத் தயக்கமே பல பிள்ளைகளின் வாயில் "எஸ் சார்" என்பதை வரவழைக்கிறது, இது வருந்தத்தக்கது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத வழிவகுத்திருந்தாலும், தனியார் நிறுவன நேர்காணலில் ஆங்கிலத்திலேயே கேள்வி வருமானால் அதைச் சந்தித்துத்தான் ஆகவேண்டும். "யூ டோன்ட் நோ ஹிந்தி, டூ யூ?" என்பவருக்கு "நோ" என்று விடை சொல்வது அவரை மறுப்பதாகாது, அவர் நினைத்தது சரியென்றே அதற்குப் பொருள். அப்படியும் நாக்கு கூசினால், தமிழ் "ஆமாம்" செய்யும் வேலையை ஆங்கிலத்தில் செய்யும் தொடர் ஒன்று உண்டு: "தட்ஸ் ரைட் சார், ஐ டோன்ட்."