குதிரைத் திடல் வாங்க நினைக்கும் தேக்காவாசிகளுக்கு

முதலில் ஆசையை வெளியே சொல்லிப் பாருங்கள். வீட்டில் வேண்டாம், தேக்கா சந்தையில், தே தாரிக் ஆறுவதற்குள். "அண்ணே, கிராஞ்சி பக்கம் ஒரு குதிரைத் திடல் வாங்கலாம்னு இருக்கேன்." எதிரே இருப்பவர் கையிலுள்ள 4டி சீட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எத்தனை வெள்ளி விழுந்துச்சு?" என்பார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

அடுத்தது இடம் பார்ப்பது. தூரமாகப் போக வேண்டியதில்லை. நீங்கள் தே குடிக்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் சிங்கப்பூரின் பழைய பந்தயத் திடல் இருந்தது. 1842-இல் குதிரைப் பந்தய மன்றம் தொடங்கினார்கள், 1843-இல் ஃபேரர் பார்க்கில் குதிரைகளை ஓடவிட்டார்கள். 1911-இல் இந்த ஊர் முதன்முதலாக விமானத்தைப் பார்த்ததும் அந்தப் புல்வெளியில்தான். 1933-இல் குதிரைகள் புக்கிட் தீமாவுக்குப் போயின, 1999-இல் கிராஞ்சிக்கு. வாடகை வீட்டுக்காரன் மாதிரி, நகரம் நெருங்கி வரும்போதெல்லாம் குதிரை மூட்டை கட்டியிருக்கிறது.

கிராஞ்சித் திடல் பார்க்க லட்சணமானது. 120 ஹெக்டேர், 30,000 பேர் கொள்ளும் அரங்கம். ஒரு பந்தய நாளுக்கு 2010-இல் சுமார் 11,000 பேர் வந்தார்கள். 2019-இல் அது 6,000. கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று, நூறாவது தங்கக் கோப்பையோடு முடிந்தது. நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், வீடுகள் வரப்போகின்றன. ஆகவே 'விற்பனைக்கு' என்ற பலகையைத் தேடி வெயிலில் அலையாதீர்கள். விற்பதற்கு அது மன்றத்தின் நிலமே அல்ல.

மக்காவ் பக்கம் பார்க்கலாமா என்றால், அங்கே 2024 மார்ச்சோடு பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். சரி, ஊரிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்பீர்கள். சென்னை கிண்டியில் 160 ஏக்கர் பந்தயத் திடல். 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய். தேக்காவில் ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கே அதைவிடக் கூட ஆகும். அப்படிப்பட்ட குத்தகையையும் 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து கதவுக்குப் பூட்டுப் போட்டது. 99 ஆண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் உங்கள் வீவக வீட்டுப் பத்திரம் ஞாபகம் வந்தால், அதற்கு நான் பொறுப்பல்ல.

திடல் கிடைக்கும்வரை குதிரையை வீட்டில் கட்டிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வரும். வீவக வீட்டில் பூனை வளர்க்கவே 2024 செப்டம்பர் வரை அனுமதி கிடையாது, 35 ஆண்டுத் தடை. இப்போது வீட்டுக்கு இரண்டு பூனை. குதிரையின் முறை வர நாளாகும். அதற்குள் வீட்டம்மா "லிஃப்டுல ஏறுமாங்க அது?" என்று கேட்டுவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பராமரிப்பையும் கொஞ்சம் யோசியுங்கள். ஐந்நூறு கிலோ குதிரை நாளுக்குப் பத்துக் கிலோ தீனி தின்னும். ஆள் வேண்டும், இங்கே அவரை 'சைஸ்' என்பார்கள். குதிரையின் வால் பக்கம் பார்த்துக் குனிந்து, அதன் காலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிறு கொக்கியால் குளம்பிலிருந்து மணலையும் லத்தியையும் சுரண்டி எடுப்பார். நான்கு கால், தினமும். குதிரை அந்த நேரம் பார்த்துத் தன் பாரம் முழுவதையும் அவர்மேல் சாய்க்கும். சம்பளம் பேசும்போது இதை மறக்காதீர்கள். தங்கக் கோப்பையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறவர் ஒருநாளும் இவர் அல்ல.

இவ்வளவும் படித்த பிறகும் ஆசை அடங்கவில்லையா? தேக்காவை விட்டு நகராமலே ஒரு வழி இருக்கிறது. இங்கே மாடுகள் போய் எருமைச் சாலை மிஞ்சியது, குதிரைகள் போய் ரேஸ் கோர்ஸ் ரோடு மிஞ்சியது. அந்த ரோட்டில் வாழையிலை போட்டு மீன்தலைக் கறி பரிமாறுகிறார்கள். பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், ஒரு மணிக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.