கால் நம்பர்

1986-ல் நான் வேலைக்குச் சேர்ந்த வரைபடப் பிரிவில் சின்னங்களின் நூலகம் என்பது உள்ளங்கை அகலப் பச்சை பிளாஸ்டிக் ஸ்டென்சில். ரெசிஸ்டர், டையோடு, டிரான்சிஸ்டர் எல்லாம் அதில் துளைகளாக இருக்கும். டிரேசிங் தாளில் வைத்து மைப்பேனாவால் சுற்றி வர வேண்டும். பிசகினால் பிளேடால் சுரண்ட வேண்டும். தாள் கிழியாமல் சுரண்டக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேனுக்குப் படத்தின் அழகு இரண்டாம்பட்சம். "தம்பி, கால் நம்பர் எங்கேர்ந்து எடுத்தே?" என்பார். டேட்டா புக்கைத் திறந்து காட்டியாக வேண்டும். 7400 ஐ.சி.க்கு 14-ஆம் காலில் சப்ளை, 7-ஆம் காலில் கிரவுண்ட். அந்தப் பழக்கத்தில் 7490-க்கும் அப்படியே எழுதிவிட்டேன். அதுவும் பதினான்கு கால் ஐ.சி.தான், ஆனால் சப்ளை 5-ல், கிரவுண்ட் 10-ல். அவர் திட்டவில்லை. புத்தகத்தை விரித்து என் பலகைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது என் மேசையில் கீகேட் இருக்கிறது. 1992-ல் பிரான்சின் கிரெனோபிளில் ஜான்-பியர் ஷரா தொடங்கிய, மின்சுற்று வரையும் மென்பொருள். பின்னாளில் செர்ன் ஆய்வகமும் அதை வளர்க்கக் கைகொடுத்தது. காசு கிடையாது, மூலநிரலும் திறந்தே இருக்கிறது. 'ஏ' விசையைத் தட்டினால் ஆயிரக்கணக்கான சின்னங்கள் வந்து நிற்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, ஸ்டென்சிலோடு டேட்டா புக்கையும் பரணில் போட்டுவிடலாம் என்றே நம்பினேன்.

அந்த நம்பிக்கைக்கு விலை ஐம்பது போர்டுகள். ரிலேயை இயக்க பிசி547 போட்டிருந்தேன். நூலகத்தில் பொதுவான என்பிஎன் சின்னங்கள் பல உண்டு. படம் எல்லாவற்றிலும் ஒன்றே, கால் வரிசைதான் வேறு. நான் எடுத்தது எமிட்டர்-பேஸ்-கலெக்டர் வரிசை. அது 2என்3904-க்குப் பொருந்தும். பிசி547-க்கோ கலெக்டர்-பேஸ்-எமிட்டர். டிரான்சிஸ்டர் தலைகீழாக நின்றாலும் கொஞ்சம் வேலை செய்யும் என்பதுதான் கொடுமை. சில போர்டுகளில் ரிலே இழுத்தது, சிலவற்றில் இழுக்கவில்லை. இரண்டு நாள் தேடினேன். கீகேட்டின் மின்விதிச் சோதனை ஒரு பிழைகூடக் காட்டவில்லை. எந்தக் கால் எதுவென்று சின்னம் சொல்வதை அது நம்புகிறது. சின்னத்தை நான் நம்பினேன்.

அதன் பிறகுதான் அந்த நூலகத்தின் விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். கால்முனை 100 மில் கட்டத்தில் விழ வேண்டும். சப்ளை மேலே, கிரவுண்ட் கீழே. டேட்டாஷீட் இணைப்பு இருக்க வேண்டும். 74 வரிசை ஐ.சி.களின் சப்ளைக் கால்களைப் படத்தில் மறைத்து வைப்பது பழைய வழக்கம். இப்போது அவை தனி அலகாகக் கண்ணெதிரே நிற்கின்றன. என்னைப் போல எத்தனை பேர் அந்த இரு கால்களில் இடறி விழுந்திருப்பார்கள்!

போன வருடம் ரிச்சி தெருவில் வாங்கிய ஓர் ஐ.சி.க்கு நூலகத்தில் சின்னம் இல்லை. நானே வரைந்து நூலகத்துக்கு அனுப்பினேன். ஸ்டென்சில் காலத்தில் என் திருத்தம் ஒரு டிரேசிங் தாளோடு முடிந்தது. இது ஏற்கப்பட்டால் முகம் தெரியாத எத்தனையோ பேரின் போர்டுக்குப் போகும். அந்த நினைப்பில் ஒவ்வொரு காலையும் மூன்று முறை சரிபார்த்திருந்தேன். சில வாரங்களில் பதில் வந்தது. எந்த ஊர்க்காரரோ, ஒரே ஒரு கேள்வி: ஒன்பதாம் கால் டேட்டாஷீட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் இன்று இல்லை. இருந்திருந்தால் கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போயிருப்பேன்.