ஐந்து நளன்களும் ஒரு குளோனும்

ஒரே ஆள் இரண்டு பேராக வந்து நின்றால் யாரை வெளியேற்றுவது? வாக்குச்சாவடியில் இதற்கு விதி உண்டு. அட்டை விளையாட்டில் உண்டா என்பதே இவ்வாய்வின் பொருள். எல்லை: 1993இல் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’. தூண்டுகோல்: ஆய்வாளர் தோற்றுப்போனது.

அந்த முதல் ஆண்டிலேயே குளோன் என்ற அட்டை இருந்தது. களத்தில் நிற்கும் எந்த உயிரியைப் பார்த்தாலும் அதுவாகவே ஆகிவிடும். மறு ஆண்டு ‘லெஜெண்ட்ஸ்’ தொகுதியில் நாயகர்கள் வந்தார்கள். நாயகன் என்றால் ஒருவன்தான். பெயருக்கு ஓர் ஆள். குளோனோ பெயரையும் நாயகப் பட்டத்தையும் சேர்த்தே காப்பி அடிக்கும். வம்பு இங்கே தொடங்கிற்று என்க.

விதி மூன்று காலம் கண்டது. முற்காலத்தில் முந்தி வந்தவன் நிற்பான், பிந்தியவன் கல்லறைக்குப் போவான். ஜன்னலோர இருக்கையில் துண்டு போட்டவனுக்கே இடம் என்ற பேருந்து நியாயம். 2004இல், கமிகாவா தொகுதியோடு, இடைக்காலம் பிறந்தது: இருவரும் சாக வேண்டும். பார்த்து எழுதியவன் தாளையும் காட்டியவன் தாளையும் சேர்த்துக் கிழிக்கும் வாத்தியார் விதி இது. அன்றுமுதல் குளோன் கொலைக் கருவியாயிற்று. நாயகப் பட்டம் பெற்ற ‘உமேசவாஸ் ஜிட்டே’ என்ற ஆயுதத்தைக்கூட, எதிராளியின் ஜிட்டேயை ஒழிப்பதற்காகவே இறக்கியவர்கள் உண்டு.

இனி ஆய்வாளர் பட்ட பாடு. 2012. என் களத்தில் ‘கைஸ்ட் ஆஃப் செயின்ட் டிராஃப்ட்’. விலை மூன்று மனா. ஹெக்ஸ்ப்ரூஃப், அதாவது எதிராளி குறிவைக்கவே முடியாது. அக்கா மகன் இரண்டு மனாவில் ‘ஃபான்டாஸ்மல் இமேஜ்’ வைத்தான். அது என் கைஸ்டாக மாறியது. இரண்டும் ஒருசேரக் கல்லறை சேர்ந்தன.

“டேய், அதைத் தொடவே கூடாதுடா!”

“நான் எங்க மாமா தொட்டேன்? பார்த்து எழுதினேன், அவ்வளவுதான்.”

அவன் சொன்னது சரி. நகலெடுப்பது குறிவைப்பதாகாது. இரண்டும் கல்லறைக்குப் போவது ‘அழித்தல்’ கணக்கிலும் வராது. ஆகவே அழியா வரம் பெற்றவையும் தப்பா. வரத்தில் ஓட்டை தேடுவது இரணியன் காலத்து வித்தை. என் வீட்டுக்கு அன்றுதான் வந்தது.

பிற்காலம் 2013 ஜூலையில் தொடங்கியது. இனி அவரவர் களத்தை அவரவர் பார்த்துக்கொள்க: உன்னிடம் ஒரே பெயரில் இரண்டு நாயகர் இருந்தால் ஒன்றை நீயே வைத்துக்கொள்; எதிராளியிடம் இருப்பது உன் கவலை அன்று.

இம்மூன்றையும் தமயந்தியின் சுயம்வரத்தில் வைத்துச் சோதித்தோம். நளன் ஒருவன், இந்திரன், அக்கினி, யமன், வருணன் நால்வரும் நளனாகவே வந்தனர். முற்கால விதிப்படி முதலில் மண்டபத்துள் நுழைந்தவனே நளன். வாயிற்காவலனைக் கேட்டால் கதை முடிந்தது. இடைக்கால விதிப்படி ஐவரும் சாவர். யமனும் சாவதால் உயிர்களை வாங்க ஆளில்லை, எனவே அவ்விதி தன்னையே முறிக்கும். பிற்கால விதிப்படியோ ஐவரும் ஐந்து ஆட்டக்காரர் வசம் இருப்பதால் ஐவரும் நிற்பர். நளவெண்பாவிலும் ஐவரும் நின்றனர். ஆகவே புகழேந்தி 2013ஆம் ஆண்டு விதியைப் பின்பற்றினார் என்று துணியலாம்.

தேவர்களுக்கு இமை இமைக்கவில்லை, மாலை வாடவில்லை; அதைக் கொண்டே தமயந்தி பிரித்தாள். முழுதும் நகலெடுக்காமல் ஓரிடம் விடும் இம்முறையை அட்டைகளும் அறியும். ‘சகாஷிமா தி இம்போஸ்டர்’ எல்லாம் மாறியும் தன் பெயரை விடாது. 2019இன் ‘ஸ்பார்க் டபுள்’ பட்டத்தை மட்டும் துறக்கும். இரண்டையுமே நாயக விதி தீண்டாது. குளோன்தான் இமைப்பையும் காப்பி அடித்து மாட்டிக்கொள்கிறது.

என் கைஸ்டைத் தின்ற விதி செத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒரு ஆட்டத்தை மறுபடி ஆடவேண்டும் என்று அக்கா மகனுக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.