நிலையைச் சுற்றிப் போன வயர்

மூக்கண்டப்பள்ளியில் நான் குடியேறியது 1988-ல். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி வந்தேன். சிப்காட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஓசூருக்குப் பெரிய தொழிற்சாலைகள் வந்து சேர்ந்திருந்த காலம் அது. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்க நூற்றுக்கணக்கான பட்டறைகள். அத்தனை பேரும் தங்க இடம் வேண்டும் என்பதால், ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டை ஒட்டி வரிசையாக லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள்.

எங்கள் அறை கல் பலகை வீடு. இந்தப் பக்கத்தில் சுவரும் கல்தான், கூரையும் கல்தான். பத்துக்குப் பத்து அறையில் நாங்கள் நான்கு பேர். திருநெல்வேலிக்காரர் ஒருவர், வாணியம்பாடிக்காரர் ஒருவர், கர்நாடகத்து மாலூரிலிருந்து வந்தவர் ஒருவர், நான். பெயரைவிட ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். ஆளுக்கு ஒரு மூலை, ஒரு பாய், ஒரு பெட்டி.

முதல் போனஸ் வந்ததும் திருநெல்வேலிக்காரரும் நானும் பணம் போட்டுப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு ஸ்டீரியோ டெக்கும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கிவந்தோம். ஸ்பீக்கர் பெட்டி வாங்கக் காசு மிஞ்சவில்லை. இயந்திரம் வந்து இறங்கிய பேக்கிங் மரத்தைப் பட்டறையில் கேட்டு வாங்கி, நானே இரண்டு பெட்டிகள் அடித்தேன். ஒன்றுக்கு எட்டங்குல ஸ்பீக்கர் ஒன்று.

ஸ்டீரியோ என்றால் இரண்டு பெட்டியும் தள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பெட்டியில் கேட்பதுபோல்தான் இருக்கும். எங்கள் அறையில் தள்ளி வைக்க ஒரே வழி, கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இடையில் வாசல். வலது ஸ்பீக்கரின் வயர் வாசலைக் குறுக்கே கடந்து தரையில் கிடந்தது.

வாணியம்பாடிக்காரருக்கு அந்த வாரம் மூன்றாம் ஷிப்ட். விடியற்காலை ஆறரைக்குத் திரும்பி வருவார். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று அவர் லைட் போடவே மாட்டார். செருப்பை வெளியே விட்டு, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு தன் மூலைக்குப் போவார். ஒரு நாள் வயர் அவர் காலில் மாட்டியது. பெட்டி கவிழ்ந்தது, அவரும் விழுந்து முழங்கையைக் கல்லில் இடித்துக்கொண்டார். எங்கள் தூக்கத்துக்காக லைட் போடாத மனிதர், எங்கள் பாட்டுக்காக அடிபட்டார். “ஒண்ணுமில்லைப்பா, தூங்குங்க” என்றுதான் சொன்னார். அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வயரை மறைப்பது அலங்காரத்துக்கு என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றுதான் அது மற்றவர் காலுக்கும் உறக்கத்துக்கும் செய்கிற மரியாதை என்று புரிந்தது.

கல் சுவரில் ஆணி இறங்காது. கதவு நிலையில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் குடிவந்த அன்றே சொல்லிவிட்டார். மின்சார வயர் ஓடும் மரப்பட்டியோடு இதையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்றார் ஒருவர். அது ஆபத்து, கரண்ட் வயரும் ஸ்பீக்கர் வயரும் ஒரே பாதையில் போகவே கூடாது. எனக்குக் கிடைத்த ஒரே வழி, நிலைக்கும் கல்லுக்கும் நடுவே பூச்சு விட்டிருந்த விரல் தடிமன் இடுக்கு. வயரை அதில் ஏற்றி, நிலையின் மேல்வழியாகத் திருப்பி, மறுபுறம் இறக்க வேண்டும். தரையில் மூன்றடியில் முடிகிற வேலை. நிலையைச் சுற்றி, சுவரோரமாகப் பெட்டிவரை போனால் ஏழு மீட்டர்.

நீளம் கூடினால் சத்தம் குறையுமே என்று திருநெல்வேலிக்காரருக்குக் கவலை. அதனால் எலக்ட்ரீஷியன்கள் 40/76 என்று சொல்லும் வயரை வாங்கினேன். மெல்லிய செம்பு இழைகள் நாற்பது சேர்ந்தது, ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான குறுக்குப் பரப்பு. ஏழு மீட்டர் போய்த் திரும்பினாலும் அதன் தடை சுமார் 0.2 ஓம்தான். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை.

சுவரோரப் பாதை மற்றவர்களின் பெட்டிகளுக்குப் பின்னால் போனது. ஒவ்வொருவரிடமும் கேட்டேன். “உங்க பெட்டிக்குப் பின்னால விடலாமா அண்ணா?” மாலூர்க்காரர் தானே பெட்டியை நகர்த்தி, அடியைத் துடைத்துக் கொடுத்தார். தட்டையாகச் சீவிய மூங்கில் குச்சியால் வயரை இடுக்கில் தள்ளித் தள்ளி ஏற்றினேன். மேலே சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது.

மாலையில் பாட்டுப் போட்டால் தபேலா எழும்பவில்லை. குரல் இருக்கிறது, அடியில் கனம் இல்லை. வயரின் இரண்டு சரடும் ஒரே பழுப்பு நிறம். ஒரு பக்கம் பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டது. அப்படி மாறினால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பேஸ் ஒன்றை ஒன்று அடித்துவிடும். டார்ச்சிலிருந்து ஒரு செல்லை எடுத்து, ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளில் தொட்டேன். இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ‘டொக்’ என்று வெளியே வந்தது. வலது ‘டொக்’ என்று உள்ளே போனது. முனையை மாற்றி மாட்டினேன். தபேலா வந்து உட்கார்ந்தது.

அந்த மாதம் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் நிலையைத் தடவிப் பார்த்தார். “ஆணி எதுவும் அடிக்கலைண்ணா” என்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கேசட்டுகளை ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கினோம். அறுபது நிமிட கேசட்டில் ஏ பக்கம் இளையராஜா, பி பக்கம் மாலூர்க்காரருக்காக ராஜ்குமாரின் கன்னடப் பாட்டு. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் கலவரம் வெடித்து, தமிழ்க் குடும்பங்கள் அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்கு வந்த அந்த நாட்களில், மாலூர்க்காரர் பி பக்கம் வந்ததும் எழுந்து நிறுத்தப் போனார். வாணியம்பாடிக்காரர் அவர் கையைப் பிடித்தார். “ஓடட்டும்ப்பா.” அது முழுவதும் ஓடியது.

இப்போது நான் வீட்டுக்காரன். 2009-ல் பாகலூர் ரோட்டுப் பக்கம் வீடு கட்டினேன். மாடியில் இரண்டு அறைகளை வேலைக்கு வந்த பையன்களுக்கு விட்டிருக்கிறேன். ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அறைக்கு நான்கு பேர் என்பது மட்டும் மாறவில்லை. ஆணி அடிக்கக் கூடாது என்று நானும் குடிவரும்போதே சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் போட்ட சுவர், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு குழாய் ஒழுகுகிறது என்று மேலே போனேன். கதவோரம் விரித்திருந்த பாயின் ஓரத்தைப் பெரம்பலூர்ப் பையன் காலால் அழுத்தியபடி நின்றான். நகரவே இல்லை. “தம்பி, காலை எடு” என்றேன். எடுத்தான். பாய்க்கு அடியில் தட்டையாக ஒரு ஸ்பீக்கர் வயர். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“அங்கிள், ஆணி எதுவும் அடிக்கலை.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடத்துக்கும் முன்பு என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. அன்று நான் பயந்தது யாருக்கோ, இன்று அவன் பயப்படுவது எனக்கு.

வயரைத் தடவிப் பார்த்தேன். கதவின் அடியில் நசுங்கி உறை கிழிந்திருந்தது. ஓரிடத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு. அறையில் நைட் ஷிப்ட் போகும் ஒடிசாப் பையனும் இருக்கிறான். அவன் காலில் என்றைக்காவது மாட்டும். “ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிடறோம் அங்கிள், வயரே வேண்டாம்” என்றான் பையன். வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் வைக்கும் ஸ்பீக்கருக்குப் பாட்டுதான் காற்றில் வரும். பேட்டரி இல்லாத ஸ்பீக்கர் என்றால் கரண்ட் வயரில்தான் வர வேண்டும். பிளக் பாயிண்ட்டோ கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றுதான் இருக்கிறது. ஸ்பீக்கர் வயர் போய், அதைவிட ஆபத்தான கரண்ட் வயர் வாசலைக் கடக்கும்.

அன்று மாலை பிளாஸ்டிக் கேசிங் பட்டி வாங்கிவந்து, பையனும் நானுமாக நிலையைச் சுற்றி ஒட்டினோம். பழைய வயரை வீசிவிட்டுப் புதிது இழுத்தோம். பிளஸ் பக்கத்துக்குச் சிவப்பு டேப் சுற்றச் சொன்னேன். அந்த ஒடிசாப் பையன், வேலைக்குக் கிளம்பும் முன் தன் கட்டிலைத் தானே நகர்த்திக் கொடுத்தான்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். வீடு கட்டியபோது சுவருக்குள் கரண்டுக்குப் பைப் விட்டேன், டிவி கேபிளுக்கு விட்டேன், ஏசிக்கும் விட்டேன். குடிவருகிறவனுக்கு என்று ஒரு காலிப் பைப் விடத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மூங்கில் குச்சியோடு உட்கார்ந்திருந்த எனக்கே தோன்றவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வாடகைக்கு என்று வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பூச்சு வேலைக்கு முன்னால், கரண்ட் பைப்புக்குத் தள்ளி, நிலையைச் சுற்றி ஒரு முக்கால் அங்குலப் பைப்பைக் காலியாக விடுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிறு கிடக்கட்டும், பின்னால் வயர் இழுக்க உதவும். இரண்டு முனையிலும் மூடி போட்டுவிடுங்கள். குடிவருகிற அன்றே பையன்களிடம் அதைக் காட்டிவிடுங்கள்.