ஒரு நிமிஷம் இதைப் பிடி

பழைய டிராக்டரை ஓட வைக்கப்போகும் மாமா இருக்கிற தெருவில் வெள்ளை வேட்டியோடு நடக்கக் கூடாது. வண்டி பெரும்பாலும் மாஸி ஃபெர்குசன் 1035 ஆக இருக்கும். பல வருஷமாகக் கொட்டகையில் கிடக்கும். ஏர் கிளீனரில் எலி குட்டி போட்டிருக்கும், சீட்டில் கோழி அடைந்திருக்கும். "ஒண்ணுமில்ல, பேட்டரிதான் வீக்கு" என்பார்.

அதோடு விட்டால் பரவாயில்லை. "தம்பி, ஒரு நிமிஷம் இதைப் பிடி" என்பார். அந்த 'இது' டார்ச்சாக இருக்கலாம், டீசல் டியூபாக இருக்கலாம், சேம்பரிலிருந்து எண்ணெயும் தண்ணீருமாக ஒழுகுவதை ஏந்தும் பேசினாகவும் இருக்கலாம். கையில் வாங்கினால் அன்றைய பொழுது போச்சு. தபால்காரர் பிடித்திருக்கிறார், பால் ஊற்ற வந்தவர் பிடித்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர், தாம்பாளத்தை மட்கார்டில் வைத்துவிட்டு நாசில் பைப்பைப் பிடித்தார். அந்தப் பத்திரிகையில் இன்றுவரை முகூர்த்த நேரத்தைப் படிக்க முடியவில்லை.

எஞ்சின் ஜாம் ஆகியிருந்தால் மூன்று நாசிலையும் கழற்றி, அந்த ஓட்டைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறுகிற எஞ்சினுக்கு ஆள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மாமாவுக்கு வேண்டும். ஓட்டையில் தூசி விழாமல் பழைய துணியைப் பிடிக்க ஓர் ஆள், அவர் சரியாகப் பிடிக்கிறாரா என்று பார்க்க இன்னோர் ஆள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ஏர் எடுப்பது. டேங்க்கில் டீசல் வற்றிக் காய்ந்த வண்டியில் பைப் முழுக்கக் காற்று நிற்கும். முதலில் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அப்புறம் பம்ப், கடைசியில் நாசில் நட்டு என்று வரிசையாக, குமிழி நிற்கும்வரை டீசலை வெளியே விட வேண்டும். ஃபில்டரிலும் பம்பிலும் குமிழி நிற்கும்வரை ஒருவர் லிவரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்; நாசிலுக்கு வரும்போது செல்ஃப் அடிக்க வேண்டும். லிவர் அடிக்கிற அந்த ஒருவர் மாமா இல்லை. முறையாகக் கூலி பேசி அழைத்து வந்த மெக்கானிக்கையே டார்ச் பிடிக்க வைத்துவிட்டு ஸ்பேனரைத் தான் எடுத்துக்கொள்வார். மெக்கானிக்கும் எதுவும் சொல்ல மாட்டார். டார்ச் பிடித்தாலும் கூலி அதேதான்.

ஒன்று சொல்ல வேண்டும். கடைசிக் குமிழி போய் டீசல் தெளிவாக வழியும்போது மாமாவின் முகத்தைப் பார்த்தால் கோபமெல்லாம் போய்விடும். லிவர் அடித்த பையனின் தோளில் அதே டீசல் கையால் தட்டிக்கொடுப்பார்.

ஆனால் அந்த ஸ்க்ரூடிரைவர் விஷயத்தை என்னால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. சாவி ஸ்விட்ச் எப்போதோ கெட்டுவிட்டது. புதுசு வாங்க மாட்டார். பெரிய டயருக்கு முன்னால் தரையில் நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்ப்பார். கியரில் இருக்கிற வண்டி அப்படி ஸ்டார்ட் ஆனால் முன்னால்தான் பாயும். நிற்கிற ஆள்மேல் பின் சக்கரம் ஏறிவிடும். இப்படி உயிர் போனவர்கள் உண்டு. இது கெட்டிக்காரத்தனம் இல்லை, முட்டாள்தனம். சொன்னால், "நியூட்ரல்லதான்டா இருக்கு" என்கிறார், கியர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல். போய்ப் பார்த்தேன். கியரில்தான் இருந்தது.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தார், ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். அது இப்போது அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. மாமா அதைத் தேட ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்.