ஆள்காட்டி விரலின் கூடுதல் பொறுப்பு

அனுப்புநர்: ஒரு கேமராக்காரன், மாஸ்க் ரோடு பக்கம், பிரேசர் டவுன், பெங்களூரு.
பெறுநர்: மெனு வகுக்கும் உயர் அதிகாரிகள், கேமரா கம்பெனிகளின் தலைமையகங்கள், ஜப்பான்.
பொருள்: போகஸ் பணியை ஷட்டர் பொத்தானிலிருந்து கட்டைவிரலுக்கு இடமாற்றம் செய்தல் – தொடர்பாக.
பார்வை: கேமராவோடு வந்த கையேடு.

ஐயா,

எங்கள் ஊர் அலுவலகங்களில் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஒன்று உண்டு. ஓர் அதிகாரி ஓய்வு பெற்றதும் அவர் கோப்புகளைப் பக்கத்து அறைக்காரர் தலையில் கட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து இரண்டு வேலையும் நடக்காது. தங்கள் எஸ்எல்ஆர் கேமராக்களில் ஷட்டர் பொத்தானின் கதியும் இதுதான். படம் எடுப்பது அதன் சொந்த வேலை. பாதி அழுத்தினால் போகஸ் பிடிப்பது கூடுதல் பொறுப்பு. எது பாதி, எது முழுசு என்பதை அந்தந்த விரலின் மனசாட்சிக்கு விட்டுவிட்டீர்கள்.

இதனால் விளையும் பலனைக் காண, ரம்ஜான் மாதத்தில் ஒரு சாயங்காலம் மாஸ்க் ரோட்டுக்கு வாருங்கள். சீக் கபாப் கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருக்கிறார் ஒரு பாய். தொடர் போகஸில் வைத்து அவர் முகத்தைப் பிடித்து, புகையும் விளக்கும் உள்ளே வரட்டுமென்று கேமராவைக் கொஞ்சம் நகர்த்துகிறேன். அழுத்துகிற நேரம் பார்த்துப் பொத்தானுக்குக் கூடுதல் பொறுப்பு ஞாபகம் வந்துவிடுகிறது. லென்ஸ் ‘ஸ்ர்ர்’ரென்று ஓடி, பின்னால் நிற்கும் ஸ்கூட்டரைப் பிடிக்கிறது.

“பாய், ஒரு நிமிஷம் அப்படியே இருங்க.”

“நான் இருப்பேன் சார், கபாப் இருக்காது. கருகிடும்.”

பாய் மங்கல், நம்பர் பிளேட் பளிச். போக்குவரத்து போலீசுக்கு வேண்டுமானால் அந்தப் படம் பயன்படும்.

வேடிக்கை என்னவென்றால், இடமாற்ற ஆணை எப்போதோ போடப்பட்டுவிட்டது. 1989-இல் வந்த கேனான் ஈஓஎஸ் 630-லேயே போகஸைப் பின்புறப் பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் ஓடுகிற ஆளைத் துரத்தும். விரலை எடுத்தால் இருந்த இடத்தில் நிற்கும். ஒற்றை போகஸா தொடர் போகஸா என்று மாற்றி மாற்றித் தட்ட வேண்டியதில்லை. ஷட்டருக்குப் படம் எடுக்கிற வேலை மட்டும். பறவை எடுப்பவர்களும் விளையாட்டு எடுப்பவர்களும் சத்தம் போடாமல் இப்படித்தான் பிழைத்துவருகிறார்கள். ஆணை போட்டதைப் பயனாளிக்குச் சொல்லாமல் இருப்பதில் எங்கள் தாலுகா ஆபீஸையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டீர்கள்.

ஆணையின் வாசகத்தையும் பாருங்கள். கேனானின் தொடக்கநிலை கேமராக்களில் ‘ஷட்டர்/ஏஇ லாக் பட்டன்’ என்றொரு தலைப்பு. அதன் கீழே: 0 – ஏஎஃப்/ஏஇ லாக், 1 – ஏஇ லாக்/ஏஎஃப், 2 – ஏஎஃப்/ஏஎஃப் லாக், நோ ஏஇ லாக், 3 – ஏஇ/ஏஎஃப், நோ ஏஇ லாக். ஏஎஃப் என்றால் போகஸ், ஏஇ என்றால் வெளிச்ச அளவு, சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது ஷட்டரின் வேலை, பின்னால் இருப்பது நட்சத்திரக் குறி போட்ட ஏஇ லாக் பொத்தானின் வேலை என்று நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். 1 வைத்தாலும் 3 வைத்தாலும் போகஸ் கட்டைவிரலுக்கு வந்துவிடும். பாதி அழுத்தத்தில் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளுமா, படம் விழும்போதுதான் முடிவாகுமா என்பது மட்டுமே வித்தியாசம். இந்த இரண்டு வாக்கியங்களைத் தாங்களே எழுதியிருக்கலாம்.

நிக்கான் டி500, டி850 பரவாயில்லை. ‘ஏஎஃப்-ஆன் ஒன்லி’ என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் லென்ஸின் நடுக்கம் குறைக்கும் பிரிவு பின்புற ஏஎஃப்-ஆன் பொத்தானுக்கு விழிக்காது. ஷட்டரைப் பாதி அழுத்தினால்தான் எழுந்திருக்கும். துறை மாறிப் போயிற்று, பியூன் மட்டும் பழைய கட்டடத்தில்.

நட்சத்திரம் அச்சிட்ட பொத்தான் போகஸ் வேலை பார்ப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. பெயர் ஒன்று, புழக்கம் வேறு என்பது எங்களுக்குப் பழக்கம்தான். பிளேக் கொள்ளைநோய்க்குப் பின் உருவாகி 1910-இல் திறக்கப்பட்ட எங்கள் பேட்டைக்கு இன்று சர்க்கார் பெயர் புலகேசி நகர். ஆட்டோக்காரரிடம் பிரேசர் டவுன் என்று சொன்னால்தான் மீட்டர் போடுவார். பொய், அப்போதும் போட மாட்டார்.

“உங்கள் ஊர்ப் புகைப்படக்காரர் டி.என்.ஏ. பெருமாள் பிலிம் காலத்தில் கையால் வளையம் திருகியே காட்டு விலங்குகளை எடுத்தாரே” என்று தாங்கள் பதில் எழுதக்கூடும். எடுத்தார். அவர் லென்ஸ் அவர் பேச்சைக் கேட்டது.

இன்னொரு விண்ணப்பம். போகஸை இடமாற்றம் செய்த கேமரா, கல்யாண வீட்டில் விவரம் தெரியாத மச்சான் கைக்குப் போனால், மணமக்கள் முதல் பந்தி வரை எல்லாம் ஊட்டிப் பனி. சில மாடல்களில் சி1, யு1 என்று சுழல்வட்டில் இடம் கொடுத்திருக்கிறீர்கள்; பழைய ஏற்பாட்டை அதில் சேமித்து, மச்சானிடம் கொடுக்கும்முன் திருப்பிவிடலாம். அந்த வட்டு இல்லாத மலிவு மாடலை வாங்குகிறவனுக்கும் மச்சான் உண்டு என்பதைத் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஆகவே, பெட்டியைத் திறந்து கேமராவை முதன்முதலில் ஆன் செய்யும்போது தேதி கேட்கிறீர்களே, அதோடு சேர்த்து “போகஸ் எந்த விரலுக்கு?” என்றும் ஒரு வரி கேட்டுவிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாடிக்கையாளன்.

நகல்: வலது கைக் கட்டைவிரல் – தகவலுக்காகவும் உடனடி நடவடிக்கைக்காகவும்.