காற்றுப்புகு இயல்: நீலகிரி பங்களாவும் விறகடுப்பும்

உதகமண்டலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தை விடியலில் புல்தரை உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். இங்கே வீடு கட்டினோர் இருவகையர் என்க: ஜன்னல் வையாதார், ஜன்னல் வைத்தார். முன்னவர் தோடர். அவர்தம் மரபு வீட்டில் வளைந்த கூரை தரைவரை இறங்கும்; தவழ்ந்து நுழையும் சிறு வாசல் ஒன்றே உண்டு; ஜன்னல் என்ற பேச்சே இல்லை. பின்னவர் ஆங்கிலேயர். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் இங்கே கல் பங்களா கட்டத் தொடங்கினார். அவர்வழி வந்தோர், மலை தெரியவேண்டும் என்ற ஆசையில், சுவர் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் கண்ணாடி வைத்தனர். காட்சியை அவர்கள் கண்டு முடித்துவிட்டனர். குளிர் மட்டும் இன்று குடியிருப்போர் பங்கு.

இத்தகைய பங்களா ஒன்றின் பழைய கணப்பு மாடத்துள் இரும்பு விறகடுப்பை நிறுத்தி மூட்டினால் கூடம் சூடேறுமா என்பதே ஆய்வுப்பொருள். ஏறும் என்பார் விறகுக் கடைக்காரர். அவர் சாட்சியம் ஏற்கப்படவில்லை.

சோதனைக் கருவி ஓர் ஊதுவத்தி. அடுப்பு மூட்டுமுன் ஜன்னல் சட்டத்தோரம் அதைப் பிடிக்க, புகை அறைக்குள் லேசாகச் சாய்ந்தது. தீ நன்றாகப் பற்றியபின் பிடிக்க, படுத்தே விட்டது. காரணம் எளிது. சூடான காற்று புகைக்குழாய் வழியே வெளியேற, அது விட்ட இடத்தை நிரப்ப வெளிக்காற்று இடுக்கு தேடி நுழைகிறது. எனவே அடுப்பானது குளிரை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது என்பது பெறப்பட்டது. முதுகில் குத்தும் காற்றைத் தீயே இழுத்துவருவதைப் பென்ஜமின் பிராங்க்ளின் அன்றே கண்டு, 1744-இல் தாம் வகுத்த இரும்பு அடுப்பைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். காப்புரிமை தேடி வந்தும் வேண்டாம் என்றார். விறகுக் கடைக்காரர் இதை நம்ப மறுக்கிறார்.

இனிக் கண்ணாடி. இடுக்கே இல்லாவிடினும் ஒற்றைக் கண்ணாடி குற்றமற்றதன்று. அதைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, தரைக்கு வழிந்து கணுக்காலைப் பிடிக்கும். சூடோ உயரமான கூரைக்கு ஏறி, முதற்கண் ஒட்டடைக்குப் பயன்படும். ஆதலால் ஒரே ஆளின் தலை மேட்டுப்பாளையத்திலும் கால் தொட்டபெட்டாவிலும் இருத்தல் இயலும்.

பரிகாரம்: பழம்புடவையைக் கிழித்து இடுக்கில் திணித்தல் நன்று. தரையைத் தொடாத திரை வீண். விறகு சீகையோ கற்பூர மரமோ, பிளந்து அடுக்கி, மழைபடாமல் காய்ந்ததாக இருக்கவேண்டும். இரு துண்டுகளை மோதினால் 'டங்' என்பது காய்ந்தது, 'தொப்' என்பது ஈரம். ஈர விறகு தன் நீரை ஆவியாக்கவே தன் சூட்டைச் செலவழிக்கும். குழாயில் கரிப்பிசினும் படியும். அது ஒருநாள் தீப்பிடித்தால், அன்றுதான் வீடு முழுதும் சூடேறும்.

எல்லா இடுக்கையும் அடைத்தால் என்னை எனின், ஆகாது. தீக்கும் காற்று வேண்டும். கிட்டாவிடில் புகை அறைக்குத் திரும்பும், கண்ணுக்குப் புலப்படாத கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். ஆகவே ஓர் இடுக்கேனும் திறந்திருத்தல் கட்டாயம். எது என்பதில் வீட்டாரிடையே கருத்து வேறுபாடு நிலவியது; ஒவ்வொருவரும் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னுள்ளதையே முன்மொழிந்தனர். நெடிய விவாதத்தின்பின், கோடை விடுமுறைக்கு மட்டுமன்றிப் பொங்கலுக்கும் வரும் சென்னைச் சித்தப்பா வழக்கமாக உட்காரும் இடம் ஒருமனதாகத் தேர்வாயிற்று.